குறில்

விடியுமுன் ஊரை எழுப்புவது என் மணி அல்ல,
கிரெசென்சியோவின் மாவு மில்.
அதற்குப் பிறகு நான் அடிக்கும் மணி
பேச்சு முடிந்தபின் வரும் இருமல் மாதிரி.
சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம் வாளி வாளியாய்
என் சன்னலைக் கடக்கிறது.
தூக்கிப் போகும் பெண்கள் திரும்பிப் பார்ப்பதில்லை;
வரிசையில் இடம் போய்விடும்.

ஓத்திபாக்கில் எனக்கு இது ஒன்பதாவது மழை.
அனுப்பிவைத்தவர்கள் மாதம் ஒரு தாள் கேட்கிறார்கள்:
கூடியவர் எத்தனை, மனம் திரும்பியவர் எத்தனை.
கட்டங்கள் சின்னவை.
ஊற்றுக் குழாயைப் பன்றி கடித்த மூன்று இடத்தில்
சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியதை எங்கே எழுத?
தேள் கொட்டிய பையனை மடியில் போட்டு
லாரியின் பின்தட்டில் நாலு மணி நேரம்
அவன் வாய் நுரையைத் துடைத்துக்கொண்டே போனதை?
சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஏறி
திபூர்சியாவின் கணவனை வேலைக்கு வைத்த மேஸ்திரியிடம்,
அவள் சொல்லச் சொல்ல,
பணம் வரவில்லை, பெண் பிறந்திருக்கிறது, பணம் வரவில்லை
என்று ஸ்பானிஷில் கத்தியதை?

மனம் திரும்பியவர்: பூஜ்யம்.
எட்டு வருடமாய் அதை எழுதிக் கை பழகிவிட்டது.
இந்த மாதம் மட்டும் ஒன்று.

அந்த ஒன்று பிலெமோன்.
மகன் மோந்தெர்ரேயில் சாரத்திலிருந்து விழுந்து
பெட்டியில் வந்தான்.
குழியருகே நான் வாசித்து முடித்ததும்,
கோயிலில் ஒருநாளும் வாய் திறக்காத மனிதன்
ஏரிக்கரையில் ஆண்டவர் மீனவரைக் கூப்பிடும் அந்தச் சொல்லை,
நான் ஞாயிறுதோறும் வாசிக்கும் சொல்லை,
மண்ணோடு சேர்த்துப் பிடி பிடியாய்ப் போட்டான்.
அன்றிரவு ஒன்று என்று அழுத்தி எழுதினேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

இந்த மொழியில் குறிலும் நெடிலும் விளையாட்டில்லை.
வந்த புதிதில் பௌர்ணமியைக் காட்டி
‘தொடை எழும்புகிறது, எத்தனை வெளிச்சம்’ என்றேன்.
மெட்ஸ்த்லி தொடை. மேட்ஸ்த்லி நிலா.
இன்றும் நிலா நாளில் இளவட்டங்கள்
கால்சட்டையைச் சுருட்டி எனக்கு வழிகாட்டுவார்கள்.
அந்தத் தவறை ஊரே சிரித்துத் திருத்தியது.
இன்னொன்றை யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை யூஃப்ரோசினா முட்டை கொண்டுவந்தாள்.
கோயிலுக்கு வராதவள், கடன் தராதவள்.
எண்ணிக்கொண்டே கேட்டாள்:
‘எர்மானா, உங்க சாமி ஏன் எப்பவும்
என்னைப் புதை, என்னைப் புதைங்கிறார்?’
ஏழு. எட்டு.

தொகா என்றால் பின்னால் வருவது.
தோகா என்றால் புதைப்பது.
விதைப்பதற்கும் அதே சொல்தான்.
எட்டு வருடமாய் என் நாக்கில்
ஒரு மாத்திரை கூடுதல்.

‘நாங்க தப்புன்னு நினைக்கல’ என்றாள்.
‘சோளமும் அதைத்தானே கேக்குது.
பத்து. ஒண்ணுல விரிசல், அதுக்குக் காசு வேண்டாம்.’

இரவெல்லாம் கண்ணாடி முன் குறில் பழகினேன்.
குவித்த உதட்டை உடனே மூடு. உடனே. உடனே.
தகரக் கூரையில் மழை
எல்லாவற்றையும் நெடிலாக்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு. பதினோரு பேர், ஒரு நாய்.
அந்த வரிக்கு வந்தேன்.
கடைசி பெஞ்சில் பிலெமோன்
தொப்பியை முழங்காலில் மாட்டி,
நகக்கண்ணில் விதைப்பு மண்ணோடு,
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் உதடு எனக்கு முன்பே குவிந்துவிட்டது.

நெடிலாகவே விட்டேன்.

சேற்றில் தபால் லாரி இன்னும் ஏறவில்லை.
தாள் மேசைமேல், முட்டைக் கூடைக்கு அடியில்.
விரிசல் முட்டை கசிந்து
கட்டத்துக்குள் ஒன்று எங்கே முடிகிறதென்று
இப்போது தெரியவில்லை.