நிறை, குறை

சென்னையிலிருந்து கூரியரில் வந்தது.
அட்டைப்பெட்டியைத் தூக்கியதும்
உள்ளே ஒன்றும் வைக்க மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.
சுயம்பு அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து
ஒற்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.
"பப்படம் கணக்கால்லா இருக்கு பிள்ளே,
எண்ணெயில போட்டா பொங்குமா?"

எனக்கும் சந்தேகம்தான்.
ஆரல்வாய்மொழி முக்கில் பழக்கடைத் தராசில் வைத்தேன்.
தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
"ஒரு மட்டிப்பழம் கூட வச்சா கிலோ சரியாவும்" என்றாள்
கடைக்காரி மேரி ஸ்டெல்லா, சிரிக்காமல்.

பழையது மூன்றேகால் கிலோ.
நான்கு மூலையிலும் தடித்த ரப்பர்.
தோவாளை விலக்கில் ஜீப்பிலிருந்து விழுந்து
பூ ஏற்றிய லாரி ஒன்று தொட்டும் தொடாமலும் போக,
எடுத்துத் திறந்தால்
ஒன்றும் நடவாததுபோல் கடவுச்சொல் கேட்டது.
அதைத்தான் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

காற்றாலைக்குள் ஏணி நட்டுக்குத்தல்.
நூற்றெழுபத்தெட்டு கம்பி.
நூறாவது கம்பிக்குமேல் பழையது
கடன் கொடுத்தவன் மாதிரி
பின்கழுத்தைப் பிடித்து இழுக்கும்.
இதுவோ முதுகில் இருப்பதே தெரியவில்லை.
நடுவில் ஒருமுறை கையைப் பின்னால் விட்டுத்
தடவிப் பார்த்துக்கொண்டேன்.

உச்சியில் மூச்சு மிச்சம் இருந்தது.
மிச்ச மூச்சில் மூடியைத் தள்ளித் திறந்து
தாடகை மலையைப் பார்த்தேன்.
ஆறு வருஷமாக இதே ஆலையில் ஏறுகிறேன்,
மலை அப்படியேதான் கிடந்திருக்கிறது,
மல்லாந்து.

அப்புறம்தான் வேலை.
இந்த ஆலையின் மூளை தொண்ணூற்றாறில் செய்தது.
ஒன்பது ஊசி கேபிள் தவிர வேறெதையும் பேசாது.
புதியதற்கு இரண்டே துளை,
இரண்டும் மூக்குத்திக்குப் போதும்.
நடுவில் நின்று சமாதானம் பேசவேண்டிய கன்வெர்ட்டர்
கீழே, ஜீப்பில்,
சுயம்பு அண்ணனின் சோற்றுப்பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

கயிறு விடக் காற்று சம்மதிக்கவில்லை.
இறங்கி ஏற முந்நூற்றைம்பத்தாறு கம்பி.
தராசில் குறைந்ததையெல்லாம்
தொடையில் எண்ணிக் கொடுத்தேன்.

திரும்ப வந்தபோது வெயில் உச்சி மூடிவழி உள்ளே இறங்கியிருந்தது.
திரையில் பிழை எண் இல்லை,
ஹெல்மெட் போட்ட என் முகம்தான் இருந்தது,
வியர்வையோடு, துல்லியமாக.
ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்குமேல் போர்த்தி
முக்காட்டுக்குள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கையில்
கணவாய் வழியே வந்த ஆனிக்காற்று
திரையை என் விரல்மேல் அறைந்து சாத்தியது.
திறந்தேன். மறுபடி சாத்தியது.
மூன்றாவது தடவை
மொத்தமாகத் தூக்கவே பார்த்தது.

முழங்காலால் அமுக்கிக்கொண்டேன்.
எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டான்லின்
ஒன்றும் சொல்லாமல் இரண்டு கிலோச் சுத்தியலை எடுத்து
விசைப்பலகை ஓரத்தில், வலிக்காத மாதிரி, வைத்தான்.
இரண்டையும் கூட்டினேன்.
ஏறக்குறைய பழையதுதான்.

ராத்திரி தோவாளையில், வாடகை அறையில் கரண்டு இல்லை.
அத்தனை ஆலைக்கும் கீழே.
இது மட்டும் நாற்பது சதவீதம் மீதி வைத்துக்கொண்டு
விசிறிச் சத்தம்கூட இல்லாமல்
மடியில் விழித்திருந்தது.
கொஞ்சம் சுட்டது; அவ்வளவுதான்.
ஒரு மணி வரை அறிக்கை அடித்தேன்,
பக்கத்துக் கட்டிலில் ஜெனிஷா புரளவில்லை.
பழையதாக இருந்தால்
அரைமணியில் விமானம்போல் இரைந்து
எட்டரைக்கே செத்திருக்கும்.

கடைசியாகச் சென்னையின் படிவம்.
புதிய கருவி பற்றி இரண்டு கட்டங்கள்.
நிறை என்ற கட்டத்தில்
தொள்ளாயிரத்து எண்பது கிராம் என்று எழுதினேன்.
குறை என்ற கட்டத்திலும்
அதையே எழுதினேன்.

பிறகு, புரியாமல் போன் செய்வார்களே என்று
இரண்டையும் அழித்துவிட்டு
கன்வெர்ட்டர் இன்னொன்று வேண்டும்,
பையிலேயே தைத்துவைக்க, என்று அடித்தேன்.
முப்பத்தொரு சதவீதம்.
ஜன்னலுக்கு வெளியே இருட்டுக்குள்
எதுவோ யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது.