பதினேழாவது படி

வால்பரைசோவில்
வீடெல்லாம் மலையைத் தொற்றிக்கொண்டிருக்கும்.
கடைக்கு இறங்க நூற்றுநான்கு படி.
ஜூன் மழையில் இஸ்மேனியா வழுக்கியது
பதினேழாவதில்.

எலும்பு கூடிவிட்டது.
அவள்தான் இன்னும் விழுந்துகொண்டிருந்தாள்:
பல் துலக்கும்போது ஒரு தரம்,
கெட்டில் கொதிக்கையில் ஒரு தரம்,
கண் சொருகும் நேரம்
தலைகீழாக, வெங்காயங்கள் உருள.

இத்தனை துல்லியமாய் விழத் தெரிந்தவளுக்கு
இறங்கவா தெரியாது என்று
ஒரு செவ்வாய்க்கிழமை
தனக்கே சிரித்துக்கொண்டாளாம்.

அன்றிரவிலிருந்து கண்ணை மூடி இறங்கினாள்.
கம்பியின் சில்லிப்பு. விரலில் துருவாசம்.
ஒன்பதில் ஓசோரியோ வீட்டு நாயின் குரைப்பு.
பதினாறு.
அடுத்ததற்குப் பாதம் வரமாட்டேன் என்றது.
மறுபடி மேலே, மறுபடி ஒன்று.
பல இரவுகள் பதினாறிலேயே விடிந்தன.

நேற்று நிஜப் படியில் பார்த்தேன்.
முழங்கால் நடுங்கத்தான் செய்தது.
உதடு எண்ணிக்கொண்டே வந்தது.
பதினேழில் நின்று
ஷூ முனையால் இரண்டு தட்டு தட்டினாள்,
கடன்காரன் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

கடைவாசலில் திருதிருவென விழித்தாள்.
என்ன வாங்க வந்தோம் என்பது நினைவில்லை.
மனசுக்குள் அத்தனை முறை இறங்கியும்
ஒருநாளும் கடைக்குள் நுழைந்ததே இல்லையாம்.

வெங்காயமாக இருக்கலாம் என்றேன்.