மூன்றாவது வூஃபர்

எவனில்டோ மறுபடி வந்தான்,
பதினைந்து அங்குல வூஃபரை
அடிபட்ட நாயைப்போல் இரு கைகளில் ஏந்தி.
கிறிஸ்துமஸுக்குப் பிறகு இது மூன்றாவது.

முதல் இரண்டும் கருகிச் செத்தவை.
கடை வாசலிலேயே மூக்கு சொல்லிவிட்டது.
அப்போதே வயரைக் கழற்றிவிட்டு
நாற்பது ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டு
ஆம்பின் வாயில் மீட்டரை வைத்து
நாற்பது வோல்ட்டில் கெயினை நிறுத்தினேன்.
திருகின்மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு,
சிவப்பு, என்னுடையது.
அதைத் தாண்டித் திருப்பினால்
அலையின் தலை மொட்டையாகும்,
சுருள் வேகும் என்றேன்.

நகப்பூச்சு உடையவில்லை.
இது கருகவும் இல்லை.
கிழிந்திருந்தது.
உள்ளிருந்து யாரோ
எட்டி உதைத்ததுபோல.

என்னதான் போடுகிறாய் அதில்?

அவன் செருப்பைப் பார்த்தான்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தான்.
பாட்டில்லை.
இடி.

இரண்டு வருடம் முன்பு, மார்ச்சில்,
ஆவணப்படம் எடுக்க வந்தவர்களின் கருவியை
ஒரு ராத்திரி இரவல் வாங்கிப்
பதிந்த இடி. பின்னால் மழை,
தகரக் கூரையில் பதினேழு நிமிடம்.
அதற்கப்புறம் கிஷாடாவுக்கு
இடியும் இல்லை மழையும் இல்லை.
அடைகாக்கும் கோழிபோல் ஒரு பாறை
ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது,
அதன் நிழலில் ஏரி
வெடித்துக் கிடக்கிறது.

சூசையப்பர் திருநாளன்று
பிக்கப்பைத் தேவாலயத்தின் முன் நிறுத்தி
ஒரே ஒரு தடவை போட வேண்டும் என்றான்.
அவருக்கு ஞாபகப்படுத்த.

ராத்திரி கடையைச் சாத்திவிட்டு
புது வூஃபரைப் பெட்டியில் பூட்டினேன்.
திருச்சபை வரிசையில் தந்த மெழுகுவர்த்தியை
பெட்டியின் காற்றுத்துளைக்கு எதிரே ஏற்றினேன்.
சத்தத்தைக் கால்வாசியில் வைத்து
இடியைத் தொடங்கினேன்.

உறுமல் வந்தது, போனது.
பிறகு எதுவும் இல்லை.
ஸ்கோப்பில் மட்டும்
பதினோரு ஹெர்ட்ஸில் ஒரு மேடு
மெல்ல நடந்துபோனது.
காது சும்மா இருந்தது.
கூம்போ விரலளவு வெளியே வந்து
விரலளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது,
பேச வாயெடுத்துப் பேசாமலே
திணறுகிற ஒருவன் மாதிரி.
சுடர் சாய்ந்தது. நிமிர்ந்தது.
அணைந்தது.

பெட்டி முப்பத்துநான்குக்குக் கட்டியது.
அதற்கு மேலே காற்றே கூம்பைப்
பிடித்து வைத்துக்கொள்ளும்.
கீழே இறங்கினால் பிடி விட்டுப்போகும்,
கிணற்றில் கயிறறுந்த வாளிதான்.

சப்சோனிக் திருகை முப்பதில் வைத்தேன்.
அதன்மேலும் ஒரு சொட்டுச் சிவப்பு.

அதற்குக் கீழே என்ன இருந்தது? கேட்டான்.
கேட்காதது, என்றேன்.
அதுதான் மழை வருமுன்
வயிற்றில் தெரியுமே, அது, என்றான்.
எனக்குப் பதில் வரவில்லை.
பேட்டரியருகே ஃப்யூஸைச் சரிபார்ப்பதுபோல்
குனிந்துகொண்டேன்.

பத்தொன்பதாம் தேதி, மாலை.
பூசை முடிந்து ஜனம் வெளியே வந்த நேரம்
போட்டான்.
நம்பர் பிளேட் அதிர்ந்தது,
முகப்பு விளக்கு ஒருமுறை மங்கி எழுந்தது,
நாய்கள் வண்டியடியில் புகுந்தன.
எதிர்வீட்டு ஸுல்மிரா ஓடிவந்து
கொடியிலிருந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு
உள்ளே போய்விட்டாள்.
ஐந்தாவது நிமிடம் வெளியே வந்து
ஆகாயத்தைப் பார்த்தாள்.
ஒரு மேகம் இல்லை, நட்சத்திரம் கிளம்பியிருந்தது.
அவள் திட்டிய திட்டைச்
சூசையப்பர் கேட்டிருப்பார்.

நான் கூம்பின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தேன்.
சூடில்லை. உறுமல் போனபின்
அது அசையவும் இல்லை.

பாதிப் பணம் தந்தான்.
மீதி மழைக்குப் பிறகு.
நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.