நாலாம் நம்பர்

விருச்சிகம் பிறந்து மூன்றாம் நாள்
கணவாய் வாயைத் திறந்தது.
வேலந்தாவளம் ரோட்டில் தென்னை மட்டைகள் விழுந்து
பஸ் முக்கால் மணி நேரம் நின்றது.
பிரிட்டோ போனில் கத்தினான்:
"காத்து வந்தாச்சு. ஷூ போட்டுட்டு வா."

ஐந்து பேர் நாங்கள்.
ஆளுக்கொரு பட்டம், பட்டத்துக்கு இரண்டு நூல்,
நூல் ஒவ்வொன்றும் முப்பது மீட்டர்.
நான் நாலாம் நம்பர்.
பகலில் கஞ்சிக்கோட்டில் எடைமேடைச் சீட்டு எழுதுபவள்.
லாரி திரும்பும் சத்தத்திலேயே
காலியா லோடா என்று சொல்லிவிடுவேன்.
முதல்முறை கைப்பிடிகளைப் பற்றியபோது
முந்நூறு கிராம் நைலான்
என்னை மண்ணில் ஆறடி இழுத்துப் போனது.

இடது கையை இழுத்தால் இடது,
வலது கையை இழுத்தால் வலது.
பாடம் அவ்வளவுதான்.
மீதியெல்லாம்
முன்னால் போகும் ரெஹானாவின் வாலைத் தொடாமல்
அவள் போன வளைவிலேயே
அரை நொடி கழித்துப் போவது.

பிரிட்டோ மலையாளத்தில் எண்ணுவான்.
ஒந்நு, ரெண்டு, மூந்நு, திரி!
திரி என்றால் திரும்பு.
எனக்கோ ஒவ்வொரு தடவையும்
ஒரு விளக்கு எரிந்து அணையும்,
அதற்குள் என் பட்டம் தாண்டிப் போயிருக்கும்.
"நாலு தூங்குது" என்பான்.
எண்ணுவதுதான் மலையாளம்,
வைவது தமிழில்.

கொழிஞ்சாம்பாறையில் பள்ளி ஆண்டுவிழா.
மலம்புழையில் இரண்டு ஞாயிறு.
சித்தூர் நகைக்கடைத் திறப்புக்குப் பணம் தரவில்லை,
கடைப் பேர் பொறித்த எவர்சில்வர் தூக்கு
ஆளுக்கு ஒன்று.
அதில்தான் இப்போதும் ஆலைக்குச் சோறு கொண்டுபோகிறேன்.

பட்டம் சுற்றினால் நூலும் முறுக்கிக்கொள்ளும்.
ஏழு சுற்று வரை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்,
சொன்ன பேச்சைக் கேட்கும்.
எட்டில் முரண்டு.
அதற்குள் எதிர்ப்பக்கம் சுற்றி எடுத்துவிடணும்.
பெட்ரோல் காசு விஷயத்தில்
நானும் பிரிட்டோவும் மார்கழி முடிவதற்குள்
பத்தைத் தாண்டியிருந்தோம்.
ரெஹானா வழியாகத்தான் பேச்சு.

கடைசி நிகழ்ச்சி வேலந்தாவளத்தில்,
செக்போஸ்டுக்கு மேற்கே, அறுப்பு முடிந்த சோளக்காட்டில்.
ஐந்து பட்டமும் ஏணிப்படி போல நின்ற நேரம்
காற்று நின்றது.
ஃபேனை யாரோ அணைத்த மாதிரி.

காற்று இல்லையென்றால் நாம்தான் காற்று.
பின்னால் நடக்கணும்.
நடந்தோம்.
முகம் மேற்கே, கால் கிழக்கே.
குதிகாலில் சோளத்தட்டை குத்தியது,
அப்புறம் வரப்பு,
அப்புறம் தார்.
ஆட்கள் கைதட்டிக்கொண்டே கூட வந்தார்கள்.
பிரிட்டோ எண்ணுவதை விட்டுவிட்டான்.
பக்கத்தில் அவன் ஷூ உரசுவது மட்டும் கேட்டது,
என் ஷூவும் அதே அடியில் விழுந்தது.

ஹாரன்.
யாரோ தடுப்புக் கம்பத்தைத் தூக்கிப் பிடித்தார்கள்.
நாங்கள் தமிழ்நாட்டில்,
பட்டங்கள் கேரளத்து வானத்தில்,
நடுவில் பத்து நூல்
ஒரு பால்வண்டியின் தலைக்கு மேலே.

முதலில் விழுந்தது பிரிட்டோவுடையது.
அடுத்து ஒன்று, இன்னொன்று, ரெஹானா.
என்னுடையது கொஞ்ச நேரம்
யாருக்குப் பின்னால் போவதென்று தெரியாமல் நின்றது.
"நாலு, முழிச்சுக்கிட்டியா?" என்றான் பிரிட்டோ.
நேராக என்னிடமே.
நான் பதில் சொல்லவில்லை,
கை வேலையாக இருந்தது.

நூலைச் சுற்றிக்கொண்டே திரும்பி வந்தோம்.
காட்டில் கிடந்ததைப் பொறுக்கித்
தோளில் போட்டுக்கொண்டு
வீட்டுக்குப் போக மறுபடி கம்பத்தடியில்.
ராத்திரி ட்யூட்டிக்கு அப்போதுதான் வந்த
புதுப் பையன் நோட்டைத் திறந்தான்.
"எந்தா சாதனம்?"

பட்டம், அஞ்சு என்றேன்.
மொத்தம் ஒன்றரைக் கிலோ.
சிரிப்பான் என்று பார்த்தேன்,
எழுதிக்கொண்டான்.