மறுத்தவர்: ஒருவர்

இரவுப் பணி முடிந்து
காரைக்குடியில் ஏழேகால் பஸ் பிடித்தால்
புதுவயலில் இறங்கும்போதே
அவித்த நெல்லின் ஆவி
முகத்துக்கு நேரே வந்து நிற்கும்.

பையில் படிவங்கள், வெப்பமானி,
கைநாட்டுக்கு மை டப்பா.
நான் படிப்பது முதுகலை,
சர்வதேச சுகாதாரமும் ஆராய்ச்சியும்.
"சர்வதேசம்னா புதுவயலுக்கு எதுக்கு சிஸ்டர் போறீக?"
ஆறாம் கட்டில்காரர் கேட்டார்.
நரம்பு அகப்படாத அவர் கையைத் தட்டிக்கொண்டே
சிரித்து வைத்தேன்.

கேள்விகள் நார்வேயிலிருந்து வந்தவை.
நான் தமிழாக்கினேன்.
இன்னொருத்தி அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினாள்.
கிறுகிறுப்பு மயக்கமாகி
மயக்கம் தலைசுற்றலாகி
ஐந்து வாரம் கழித்து
மறுபடி கிறுகிறுப்புக்கே வந்து சேர்ந்தது.

உலர்களத்தில் அவள்
காலால் நெல்லைக் கோதிக்கொண்டே நடந்தாள்.
நிற்க நேரமில்லை.
நான் பின்னாலேயே நடந்தபடி
ஒப்புதல் படிவத்தை வாசித்தேன்:
விருப்பமிருந்தால் மட்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் ஏதுமில்லை.
"அதைச் சொன்ன மொத ஆளு நீதாந்த்தா" என்றாள்.
"என்ன கேப்ப? ரெண்டு சொல்லு பாப்போம்."

மாதிரிக்கு ஒன்பதாம் கேள்வி:
போன மாதம் எத்தனை முறை கிறுகிறுப்பு வந்தது?
"கிறுகிறுன்னு வரையில விழுகாம நிக்கத்தான் பாப்பாக.
எண்ணிக்கிட்டா இருப்பாக?"

பத்து: வேலை நேரத்தில் எத்தனை டம்ளர் தண்ணீர்?
"வாயைக் கொப்புளிச்சுத் துப்புறதோட சரி.
குடிச்சாப் போகணும்ல.
மில்லுக்குப் பின்னால லாரிக்காரப் பயக.
இருட்டுற வரைக்கும் எங்க போறது?"

இரண்டு வருடமாக
உப்பு, வியர்வை, நிழல், சிறுநீரகம் என்று
நூற்றுப்பத்துக் கட்டுரைகள் வாசித்திருந்தேன்.

மை டப்பாவைத் திறந்து நீட்டினேன்.
அப்போதுதான் அவள் கால்கள் நின்றன.
"ரேகை மட்டும் கேக்காத.
எங்கப்பன் ஒரு தாள்ல வச்சாரு.
மறுநா வரப்பு எங்களுது இல்ல."
பிறகு, நெல்லைப் பார்த்துக்கொண்டு:
"பேசுனது பேச்சோட இருக்கட்டும்."

ஒப்புதல் இல்லாத சொல் தரவு ஆகாது.
பாடத்தில் அதற்கு எனக்குத் தொண்ணூறு மதிப்பெண்.
படிவத்தில் ஒரு சொல் எழுதினேன்,
மறுத்தவர்.
பஸ் வரும்வரை
அவள் சொன்னதை மறக்க முயன்றேன்.
முடியவில்லை. அது எந்த விதியிலும் இல்லை.

அன்றிரவு ஓய்வு. எட்டரைக்கு வகுப்பு.
மலாவியிலிருந்து தாண்டிவே
கரும்பு வெட்டுபவர்களைப் பற்றிப் பேசி முடித்தாள்.
"அந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்களா?" என்றேன்.
திரை உறைந்துவிட்டது என்று நினைத்தேன்.
உறையவில்லை.
"கேட்டுப் பார்த்ததில்லை" என்றாள்.

நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் அனுப்பினேன்.
ஆறு வாரம். பதினொரு மின்னஞ்சல்.
புதிய கேள்வி:
தண்ணீர் இருந்தும் வேண்டுமென்றே குடிக்காமல் இருந்ததுண்டா? ஏன்?
அறுபத்திரண்டு பேரில்
நாற்பத்துநான்கு பேர் ஆமாம் என்றார்கள்.
ஏன் என்பதற்குப் பலர்
மில்லின் பின்சுவரைக் கண்ணால் காட்டினார்கள்.
அதை எழுத்தில் எப்படிக் குறிப்பது என்று
ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

என் வழிகாட்டி ஹில்டே ஓரத்தில் எழுதினார்:
அருமையான கேள்வி. எங்கிருந்து எடுத்தது? சான்று தருக.
'களத்தில் தோன்றியது' என்று அடித்தேன், அழித்தேன்.
'முன்னோட்டத்தில்' என்று அடித்தேன்.
அதுவும் பொய்.
அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.
நாற்பத்தோராம் பக்கத்துக் கட்டத்தில் மட்டும்
அணுகியவர் அறுபத்துமூவர், மறுத்தவர் ஒருவர்.

மணி மூன்று. வார்டு அடங்கிவிட்டது.
மேசையில் என் தண்ணீர் பாட்டில்
எட்டு மணிக்கு நிரப்பியது நிரப்பியபடி.
ஸ்டாப் கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து
பங்குனி வந்தால் ஒரு வருடம்.