குஞ்சப்பனை கேட்

இரண்டு வருடம் முன்னால் கோயம்புத்தூரில்
கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் விட்டார்கள் என்னை.
துப்பாக்கி வைத்திருந்த பையன் இந்தியில் ஏதோ சொன்னான்,
பிறகு என் முகத்தைப் பார்த்து
எனக்குப் புரிகிற ஒரே சொல்லாகச் சொன்னான்:
டிக்கெட்.
லூர்துவிடம் இருந்தது. உள்ளே போனாள்.
என்னிடம் அவளுடைய பச்சை ஸ்வெட்டர் இருந்தது,
மஸ்கட்டில் இது எதுக்கு என்று
கடைசி நிமிடம் கழற்றித் தந்தது.

இந்த முறை ஏர்போர்ட்டுக்கு வராதீங்க என்றாள்.
கார் வாடகைக்கு ஒரு மாச அரிசி வாங்கிடலாம்,
மேட்டுப்பாளையத்துல பஸ் மாறி வந்துடுவேன்.
சரி என்று சொல்லிவிட்டு
நைட் ஷிப்ட் முடிந்த கையோடு
உடம்பெல்லாம் வாடல் இலை வாசனையோடு
ஃபேக்டரி ஜீப்பில் தொற்றிக்கொண்டு
குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் இறங்கினேன்.
எங்கள் மலைக்கு இதுதான் கேட்.

மே மாதம்.
தடுப்புக் கம்பிக்குக் கீழே கண்ணுக்கு எட்டியவரை கார்கள்.
இ-பாஸ் எடு, டிக்கியைத் திற, சீட்டுக்கு அடியில் என்ன?
பிடுங்கிய தண்ணீர் பாட்டில்கள்
கம்பிக் கூண்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக
வெயிலில் நெளிந்து சத்தம் போட்டன.

போன் வந்தது.
பஸ் நிக்குது, மூணு வளைவு கீழே. அசையவே இல்ல.
சார்ஜ் இல்லீங்க, கட்டாயி

கம்பியைக் குனிந்து தாண்டப் போனேன்.
போகாதே என்றான் போஜன்.
ஞாயிற்றுக்கிழமை என்னோடு கேரம் ஆடுகிறவன்,
இன்று சட்டைக்கு மேல் ஆரஞ்சுக் கோட்டு.
பலா பழுத்திருக்கு, காலையிலிருந்து ஒத்தை நிக்குது கீழே.
யாரையும் நடக்க விடக்கூடாதுன்னு ஆர்டர்.
எனக்கு எதுக்குடா பாஸ் என்றேன்.
பாஸ் வண்டிக்கு. நான் சொல்றது ஆனைக்கு.
சொல்லிவிட்டுக் கூண்டுப் பக்கம் திரும்பி
பாட்டில்களை எண்ணத் தொடங்கினான்,
முதுகை எனக்குக் காட்டி,
ரொம்ப நேரமாக, ஒவ்வொன்றாக.

முதல் வளைவில் லத்தி.
பலாக்கொட்டை முழுசு முழுசாக, ஆவி பறந்தது.
காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தது. குரங்காக இருக்கலாம்.
நான் நிற்கவில்லை, ஓடவும் இல்லை,
கார்களை ஒட்டி நடந்தேன்.
ஸ்வெட்டரின் பச்சையைப் பார்த்து
என்னை ஃபாரஸ்ட் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.
சார் எவ்வளவு நேரம், சார் எவ்வளவு நேரம்.
பத்து நிமிஷம் என்றேன் எல்லோருக்கும்.
எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

பின்படியில் ஏறினேன்.
எங்கே, என்றார் கண்டக்டர்.
கோத்தகிரி.
இங்கே ஸ்டேஜ் கிடையாதே.
மேட்டுப்பாளையத்திலிருந்தே போட்டுக்கொடுங்கள் என்றேன்.
ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தார்.
உள்ளே விட்ட பிறகுதான் கேட்கிறார்கள் இங்கே.
எந்தக் கதவிலும் இனிக் காட்டலாம் என்பதுபோல்
அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

ஜன்னல் கம்பியில் நெற்றி பதிந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
கம்பியின் கோடு நெற்றியில் சிவப்பாக விழுந்திருந்தது.
கன்னம் வற்றியிருந்தது. கழுத்தில் புதுசாக ஒரு தழும்பு,
போனில் சொல்லாதது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
எழுப்பவில்லை, இலை வாசனையில் அவளே விழித்தாள்.
ஆனை நிக்குதாமே, எப்படி வந்தீங்க என்று கேட்கவில்லை.
என் கையைத்தான் பார்த்தாள்.
முழங்கையைக் கிழிச்சு வச்சிருக்கீங்க.
ராத்திரி குளிரும் என்றேன்.
ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.
எடுக்கவில்லை.

பஸ் ஊர்ந்து ஊர்ந்து கேட்டுக்கு வந்தபோது
போஜன் உள்ளே ஏறினான்.
பாட்டில் இருந்தா குடுத்துடுங்க, கீழேயிருந்து வர்றவங்க எல்லாரும்.
சீட் சீட்டாக வந்து என் முன்னால் நின்று
முன்பின் பார்த்திராதவன்போலக் கேட்டான்:
உங்க பை?
ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினேன்,
ஒரு கையை மட்டும்.