வெறுங்குளிசை

பேர்ன். ஐந்தாம் மாடி. இருபத்து மூன்று பக்கப் படிவம்.
தாய்க்கு ஜெர்மன் போதாதென்று
என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
மகளுக்குப் போதும்.
மிதுஷாவுக்குப் பதினாலு வயது, இந்த ஊர்க்காரி.
யாராவது பெயர் சொன்னால்
கழுத்தை விட்டு உடம்பையே திருப்புகிறவள்.

தசை இருந்த இடத்தில் எலும்பு முளைக்கும் நோய்.
விழுந்தால் முளைக்கும், ஊசி குத்தினால் முளைக்கும்,
சில நேரம் ஒன்றும் நடக்காமலே.
தமிழில் சொல்லும்போது
முளைக்கும் என்ற சொல் பிழையாய்ப் பட்டது.
பயறு அல்லவா முளைக்கும்.
வேறு சொல் அகப்படவில்லை.

தவமலர் கேட்டார்:
"எலும்பு பலப்படட்டும் எண்டு நெத்தலிப் பொடி போட்டனான்,
குரக்கன் காய்ச்சிக் குடுத்தனான். அதாலயோ?"
எங்கள் தொழிலில் ஒரு விதி,
பேசுகிறவரின் நான்தான் என் நான்.
ஆகவே டொக்டர் ஏபிஷரிடம் நான் கேட்டேன்:
நான் குரக்கன் கொடுத்தேன், அதனாலா?
இல்லை, என்றார் அவர்,
என் கண்ணைப் பார்த்து.

பதினோராம் பக்கம்.
பாதிப் பேருக்கு மருந்து.
பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே இருக்கும் மருந்தில்லாதது.
"வெறுங்குளிசையோ?"
ஓம், வெறுங்குளிசை.
நான் எழுதிக்கொண்டு போன சொல் இதைவிட நீளம்.
"ஆருக்கு எது எண்டு டொக்டருக்குத் தெரியுந்தானே?"
தெரியாது. அவருக்கும் கண் கட்டித்தான்.
"அப்ப ஆர் இந்தக் கண்ணாமூச்சியை நடத்துறது?"
அதையும் மொழிபெயர்த்தேன்.
ஏபிஷர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
ஒரு கணினி, என்றார்.

அதுவரை மிதுஷா வாய் திறக்கவில்லை.
வலது முழங்கை போன மாசியில் நின்றுவிட்டது,
தொண்ணூறு பாகைக்குக் கொஞ்சம் குறைய.
நீளக் கரண்டி வாய்க்கு எட்டும்,
சீப்பு தலைக்கு எட்டாது.
தன் ஊர் ஜெர்மனில் கேட்டாள்:
மருந்து வேலை செய்தால் முளைத்தது கரையுமா?
கரையாது. புதிதாய் வராமல் இருக்கலாம்.
இருக்கலாம் என்பதை அவர் இரண்டு தரம் சொன்னார்.
பிறகு அவள் தாயின் பக்கம்
நாற்காலியோடு திரும்பி, தமிழில்:
"இடது கைக்காகச் சேருறன், அம்மா."
எனக்கு அங்கே வேலையில்லை.

தாய் தமிழில் கையெழுத்துப் போட்டார், எல்லாச் சுழிகளோடும்.
மகள் இடது கையால், கோணலாய்.

இரண்டரை மணி நேரம் என்று என் தாளில் குறித்துக்கொண்டு
டிராம் ஏறினேன்.
ஆரே ஆற்றுப் பாலத்தில்
பின்னிருந்து யாரோ என் பெயர் சொல்ல
கழுத்தைத் திருப்பினேன்.
திரும்பியது.